பதினைந்து எண்ணினால் மூன்று மைல்

வானம் கறுத்ததைப் பார்த்து, கடற்கரை வழியே நடந்துவந்த குருவும் சீடன் தவசியும் ஒரு உப்பளத்துக் கொட்டகையில் ஒதுங்கினார்கள். எதிரே வெட்டவெளி. முப்பது பேர், மழை வருமுன் உப்புக் குவியல்களைப் பனையோலையால் மூடிக்கொண்டிருந்தார்கள்.

வடக்கே மின்னியது. எல்லோரும் ஓலையைப் போட்டுவிட்டு நிமிர்ந்தார்கள்.

"பயப்படாதீங்க!" தவசி கூவினான். இடி கேட்கும்வரை விரல் மடக்கி எண்ணினான். "பதினஞ்சு! அஞ்சு எண்ணினா ஒரு மைல். மூணு மைல் தள்ளி விழுந்திருக்கு!"

"நெசமாவா தம்பி?" கொட்டகைக்குள் உட்கார்ந்திருந்த அளத்து முதலாளி நாற்காலியை விட்டு எழுந்தார்.

"வெளிச்சம் உடனே வந்துடும். சத்தம் மெதுவாத்தான் வரும்."

அந்த நிமிடமே முதலாளிக்கு விஞ்ஞானத்தின்மேல் பக்தி வந்துவிட்டது. "கேட்டீங்களா? தம்பி அஞ்சுன்னு சொல்ற வரைக்கும் எவனும் கரையேறக் கூடாது. ஏறினா நாளைக்கு வேலை கிடையாது!"

மறுபடி மின்னல். "பன்னெண்டு!" தவசிக்கு உடம்பு சிலிர்த்தது. வானமே தன் விரலுக்குக் கட்டுப்பட்டது போலிருந்தது.

"ஏ சாமி!" அளத்திலிருந்து இசக்கியம்மாள் கத்தினாள். "விழுந்தத எண்ணிட்ட. அடுத்தது எங்க விழும்? அதையும் எண்ணிச் சொல்லேன்!"

ஆட்கள் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே குனிந்தார்கள்.

குரு எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார். அளத்தில் இறங்கி, இசக்கியம்மாளோடு ஓலையின் ஒரு முனையைப் பிடித்தார்.

"ஐயா! அங்க எதுக்கு? மேல வாங்க!"

"எத்தனை மைல்?"

"ரெண்டரை இருக்கும். ஆனா..."

"ரெண்டரை மைல்தானே?"

தவசி அளத்துக்குள் குதித்தான். குருவின் கையைப் பிடித்து இழுத்தான். அவர் அசையவில்லை. தவசி சுற்றிலும் பார்த்தான். ஒரு மரம் இல்லை. குனிந்த முதுகுகளுக்கு மேல் வானம்தான்.

மின்னியது.

"ஓடுங்க! எல்லாரும் ஓடுங்க!"

தடுமாறி விழுந்த ஒருத்தியைத் தூக்கிக்கொண்டு அவனும் ஓடினான். முப்பது பேரும் இடித்துத் தள்ளிக்கொண்டு கொட்டகைக்குள் நுழைந்ததில் முதலாளியின் நாற்காலி கவிழ்ந்தது.

அப்புறம்தான் இடி வந்தது.

"பதினஞ்சு!" முதலாளி அலறினார். "நானே எண்ணினேன். மூணு மைல்! பாதி உப்பு திறந்து கிடக்கு! நீ எத்தனை எண்ணிட்டு ஓடச் சொன்ன?"

"எண்ணல."

மழை கொட்டியது. குவியல்கள் கரையத் தொடங்கின. குரு நனைந்தபடி கடைசியாக உள்ளே வந்தார்.

"நாளைக்கு ஒருத்தருக்கும் வேலை கிடையாது!"

"சரி, நீரே ஓலையைத் தூக்கும்," என்றாள் இசக்கியம்மாள். கொட்டகை சிரிப்பில் அதிர்ந்தது.

தவசி சிரிக்கவில்லை. குருவின் அருகே வந்தான்.

"ஐயா, மின்னல் தூரத்துலதான் இருந்திருக்கு. நான் அவசரப்பட்டுட்டேனா?"

குரு துண்டைப் பிழிந்தார்.

"மின்னல் எங்க இருந்துச்சோ, நான் பார்க்கல. நீ இவங்க பக்கத்துல வந்துட்ட."