தைத்து நிறுத்திய இலைகள்

இலைக்கு வாய் கிடையாது என்று படித்தவர்கள்கூட நம்புகிறார்கள். இந்தப் பெரும்பிழை இன்றோடு ஒழிய வேண்டும். ஒரு மாவிலையின் அடிப்புறத்தில் மூச்சுவிடும் பல்லாயிரம் வாய்கள் உண்டு. சந்தேகப்படுகிறவர்கள் எண்ணிப் பார்க்கலாம், நான் காத்திருக்கிறேன்.

காட்டோரத்து மாமரம் ஒன்றில் முசுறு எறும்புகள் குடியிருந்தன. பச்சை இலைகளை இழுத்துச் சேர்த்து, தங்கள் புழுக்களின் வாயில் வரும் நூலால் தைத்து, பந்துபோல் வீடு கட்டுவது அவற்றின் வழக்கம். வீட்டுக்குள் ராணியும் முட்டைகளும் இருந்தன. அவற்றைக் காப்பது மேஸ்திரி முசுறின் பொறுப்பு.

அந்த ஆண்டு காட்டை ஒட்டிச் செங்கல் சூளைகள் வந்தன. புகை மரத்தைச் சுற்றியே நின்றது. ஒருநாள் காலையில் காற்று அடித்தது, கிளைகள் ஆடின; எப்போதும் பேசும் இலைகளில் சத்தமே இல்லை.

நத்தை ஒன்று அவசரமாக வந்தது. அதாவது, முற்பகலுக்குள் வந்துவிட்டது.

"மேஸ்திரியம்மா! இலையெல்லாம் வாயை மூடிக்கொண்டது. தொட்டால் சூளைக்கல்லாகச் சுடுகிறது!"

"மூடினால் நல்லது, நத்தையண்ணே. நிம்மதியாக வேலை செய்யலாம்!"

அப்போது வீட்டுச் சுவரில் ஒரே ஒரு வாய் மெல்லத் திறந்தது.

"திறந்தால் நஞ்சு வருகிறது," என்றது இலை. "மூடினால் பட்டினி. நாங்கள் மஞ்சளாகிவிட்டோம். நஞ்சோடு உதிரப்போகிறோம், மரமாவது பிழைக்கட்டும். நீங்கள் இறங்கிவிடுங்கள்."

"ஓடைக்கு அந்தப்பக்கம் நாவல்மரம் இருக்கிறது," என்றது நத்தை. "அங்கே புகை எட்டாது. ராணியம்மாவைத் தூக்கிக்கொண்டு இப்போதே கிளம்புங்கள்!"

"என்னைக் கேட்காமல் என் வீடு உதிருமா?" மேஸ்திரி சீறியது. "ஏய், நூலைக் கொண்டு வாருங்கள்! காம்புகளைக் கிளையோடு சேர்த்துத் தையுங்கள்! முதலில் இந்த வாயைத் தையுங்கள், முட்டைகள் பயப்படும்!"

அந்த வாய்மேல் மூன்று தையல் விழுந்தது. காம்புகளின்மேல் ஏழு வரிசை விழுந்தது.

மறுநாள் காற்றே இல்லை. மரத்தின் மற்ற இலைகள் அத்தனையும் ஒரே நேரத்தில் உதிர்ந்தன. அவற்றுள் ஒன்றில் ஒட்டிக்கொண்டு நத்தையும் இறங்கியது.

மொட்டைக் கிளையில் ஒரு பந்து மட்டும் தொங்கியது.

"பார்த்தீரா!" மேலிருந்து மேஸ்திரி கூவியது. "மரமே கொட்டிவிட்டது. என் வீடு அசைந்ததா?"

அசையவில்லை. நிழலில்லாத வெயிலில் அதன் இலைகள் காய்ந்தன, காய்ந்து உள்பக்கமாகச் சுருண்டன, வாசல் இறுகியது.

"திறவுங்கள்!" என்றது உள்ளே ஒரு குரல். "ராணியம்மாவுக்கு மூச்சு முட்டுகிறது!"

"கடித்து அறுங்கள்!" என்றது மேஸ்திரி.

"அறுபடவில்லை மேஸ்திரியம்மா! நீங்கள் சொன்னபடிதானே இறுக்கித் தைத்தோம்!"

பிறகு குரல் கேட்கவில்லை. எச்சரிக்கும் வாயைத் தைத்தால் ஆபத்து போய்விடாது, தப்பிக்கும் வழிதான் போகும்.

மழை வந்து சூளைகள் அணைந்தன. மாமரம் துளிர்த்தது, அந்த ஒரு கிளையைத் தவிர. நத்தை அதில் ஏறி, காய்ந்த பந்தின்மேல் தன் கொம்பை வைத்துப் பார்த்தது. உள்ளே யாரோ, மேஸ்திரி சொன்னபடியே, இன்னும் தைத்துக்கொண்டிருந்தார்கள்.

நத்தை வேறு கிளைக்குப் போய்விட்டது.