வரியனின் நாற்பது கடலை

காட்டோடையின் இக்கரையில் வரியன் என்றோர் அணில் இருந்தான். அவன் மனைவி மின்னி அக்கரையில், தாய்வீட்டு நாவல்மரத்தில் இருந்தாள்.

கோடைக்காற்றில் கூடு பிய்ந்து போனதும், பிள்ளைப்பேற்றுக்காக அவள் அங்கே போய்விட்டாள். வரியன் சும்மா வழியனுப்பியிருக்கலாம். வீறாப்பாக ஒன்று சொல்லிவைத்தான்: "சொந்தமா ஒரு பொந்து வாங்கிட்டுத்தான் உன்னைக் கூப்பிட வருவேன்! அதுவரைக்கும் உங்கம்மா மரத்துல கால் வைக்க மாட்டேன்!"

இப்போது மூன்று குட்டிகள். ஒன்றின் முகத்தைக்கூட அவன் பார்த்ததில்லை. மாலையானால் மின்னி கிளை நுனிக்கு வந்து கூப்பிடுவாள். அவளுக்குப் பின்னால் மூன்று மெல்லிய கீச்சுக்குரல்கள் கேட்கும். வரியன் கரை விளிம்புவரை ஓடிவந்து காது கொடுப்பான்.

வசதி இல்லாமல் இல்லை. காட்டோரக் கொல்லையில் தோண்டிச் சேர்த்த நாற்பது நிலக்கடலை வைத்திருந்தான். பவளமூக்கி என்ற கிளி வேறு காட்டுக்குப் போவதற்காகத் தன் மருதமரப் பொந்தை விற்க இருந்தது. அந்தக் காட்டில் எதை வாங்கவும் கடலைதான் கொடுக்க வேண்டும். விடிந்ததும் கரிச்சான் குருவி உச்சிக்கிளையில் நின்று அன்றைய நிலவரத்தைக் கூவும்.

"கடலை ஒண்ணுக்கு நாவல்பழம் மூணு! மருதமரப் பொந்துக்குக் கடலை முப்பத்தஞ்சு!"

"எடுத்துக்கோ வரியா! இன்னிக்கே குடி வந்துடு!" என்றது கிளி.

"அவசரப்படாதேக்கா! மழை வந்தா கொல்லையெல்லாம் சேறாயிடும். யாராலயும் தோண்ட முடியாது. கடலை விலை எங்கேயோ போயிடும்! அப்போ உன் பொந்து பாதிக்குப் பாதி இறங்கும், பாரு!"

விற்பவளிடமே இப்படிச் சொல்ல வரியனால்தான் முடியும். சந்தை பற்றி அவனுக்கு அத்தனை அபிப்பிராயங்கள். தும்பி தாழப் பறந்தால் ஒரு கருத்து, எறும்பு முட்டை தூக்கினால் இன்னொரு கருத்து.

அன்று மாலை மின்னி கேட்டாள், "இன்னுமா வாங்கலை?"

"முப்பத்தஞ்சு சொல்றாங்க. இறங்கும்!"

"குட்டிங்க கண்ணைத் தொறந்துடுச்சுங்க! ஓடை காய்ஞ்சுதானே கிடக்கு? ஒரு ஓட்டம் வந்து பார்த்துட்டாவது போங்களேன்!"

வரியன் மணலில் இறங்கினான். பாதி ஓடைவரை ஓடினான். அந்தப் பழைய சபதம் நினைவுக்கு வந்தது. 'வெறுங்கையோடயா?' என்று நின்றான். குட்டிகளின் குரல் மிக அருகில் கேட்டது. ஆனாலும் திரும்பிவிட்டான்.

மறுநாள் முப்பது. அடுத்த நாள் இருபத்தெட்டு. "இன்னும் ரெண்டே நாள்!" என்று மாலைதோறும் கத்தினான். ஒரு மாலை மின்னி கிளை நுனிக்கே வரவில்லை.

மழை வந்தது. ஐந்து நாள் விடாமல் கொட்டியது. கொல்லை சேறானது. ஆறாம் நாள் கரிச்சான் நனைந்த சிறகோடு கூவியது: "பொந்துக்குக் கடலை பதினஞ்சு!"

வரியன் துள்ளிக் குதித்தான். அவன் சொன்னது அப்படியே பலித்துவிட்டது!

"கெட்டிக்காரன்தான் நீ! இவ்வளவு மலிவா இங்கே யாரும் வாங்கினதில்லை!" என்று கிளி கடலையை வாங்கிக்கொண்டது.

பொந்தில் இலவம்பஞ்சு பரப்பி, ஐந்து பேருக்கும் இடம் ஒதுக்கிவிட்டு ஓடைக்கு ஓடினான். மணலைக் காணவில்லை. கரைக்குக் கரை செந்நீர் சுழித்து ஓடியது.

"மின்னி! வாங்கிட்டேன்! பதினஞ்சுக்கே வாங்கிட்டேன்!"

வெள்ளத்தின் இரைச்சலில் அவன் குரல் அவனுக்கே கேட்கவில்லை. அக்கரைக் கிளையில் ஒரு பெரிய வாலும் மூன்று சின்ன வால்களும் தெரிந்தன. எது மூத்தது, எது கடைக்குட்டி என்று தெரியவில்லை. தண்ணீர் வடிய மூன்று மாதமாகும். அதற்குள் குட்டிகள் வளர்ந்து தனித்தனி மரம் பார்த்துப் போய்விடும்.

மருதமரப் பொந்தில் ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை. வரியன் மற்ற நால்வரின் இடத்தையும் அப்படியே விட்டுவிட்டு, ஓர் ஓரமாகச் சுருண்டு படுத்தான். மிச்சம் பிடித்த கடலை பக்கத்திலேயே கிடந்தது. அதைத் தொட அவனுக்கு மனம் வரவில்லை.

யாருக்காகச் சேர்க்கிறோமோ அவர்களையே காக்க வைத்துச் சம்பாதிக்கும் லாபம், லாபமே அல்ல.