நாங்கள் என்ற சொல் பிறந்த கோடை

அந்தக் காலத்தில் யானையும் மனிதரும் ஒரே பேச்சுப் பேசினார்கள். அந்தப் பேச்சில் "நாம்" இருந்தது, "நாங்கள்" இல்லை. யார் பேசினாலும் கேட்பவரும் அதற்குள் இருப்பார்.

ஒரு கோடையில் மழை பொய்த்து ஆறு வறண்டது. ஆற்றங்கரைக் குடியிருப்பில் இருந்த கொற்றி என்பவள் ஒரு பெண் யானையோடு சேர்ந்து மணலில் ஊற்றுத் தோண்டினாள். யானை காலால் மணலைத் தள்ளியது; அவள் கையால் அள்ளிக் கொட்டினாள். மாலையில் நீர் கசிந்தது.

"நாம் பிழைத்துக்கொண்டோம்" என்றது யானை.

கோடை முற்ற முற்ற ஊற்றும் சுருங்கியது. ஒரு காலையில் யானை தன் கன்றோடு வந்தபோது, குடியிருப்பே குடங்களோடு அங்கே நின்றது. கொற்றியின் தம்பி சாத்தன் அவள் காதருகே குனிந்தான்.

"அது குடித்தால் பிள்ளைகளுக்கு மிஞ்சாது. போகச் சொல், அக்கா."

"நாம் குடிக்க வேண்டும்" என்றால் யானையும் அதில் சேர்ந்துவிடும். கொற்றி திணறினாள். பிறகு, அதுவரை யாரும் சொல்லாத ஒன்றைச் சொன்னாள்.

"நாங்கள் குடிக்க வேண்டும்."

யானைக்குப் புரியவில்லை. "கொற்றி, அந்தச் சொல்லில் நான் இருக்கிறேனா?"

அவள் தரையைப் பார்த்தாள்.

"என் கன்று?"

கொற்றி குடத்தோடு ஊற்றருகே குனிந்தாள். யானை கன்றை அணைத்துக்கொண்டு திரும்பி நடந்தது.

சொல் அதோடு போகவில்லை. மறுநாளே மேட்டுக் குடிசைக்காரர்கள் பள்ளத்தில் இருந்தவர்களிடம், "நாங்கள் முதலில்" என்றார்கள். மேட்டில் இருப்பவர் வேறு, பள்ளத்தில் இருப்பவர் வேறு என்று அதற்குமுன் யாருக்கும் தோன்றியதே இல்லை. சாத்தனும் தன் மனைவி மக்களோடு வந்து நின்று, "நாங்கள் தனியாக மொண்டுகொள்கிறோம், அக்கா" என்றான்.

கொற்றி குடத்தைக் கீழே வைத்தாள். யானையைத் தேடிக் காட்டுக்குள் போனாள். வறண்ட சுனை ஒன்றின் ஓரத்தில் கன்று செத்துக் கிடந்தது. யானை அதன்மேல் தழை போட்டு மூடிக்கொண்டிருந்தது.

"நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது" என்றாள் கொற்றி. "வா, நாம் போகலாம்."

அந்த "நாம்" அவள் காதுக்கே பொய்யாகக் கேட்டது. நிமிர்ந்து பார்க்க முடியாமல் ஒரு கிளையை ஒடித்துக் கன்றின்மேல் வைத்தாள். யானை அதை விலக்கவில்லை. ஒரு வார்த்தையும் பேசவில்லை.

யானைகள் மனிதரோடு பேசுவதை விட்டது அன்றுதான். நம் பேச்சில் இரண்டு சொற்கள் ஆனதும், எதிரில் நிற்பவர் உள்ளேயா வெளியேயா என்று முடிவு செய்யாமல் நம்மால் வாய் திறக்க முடியாமல் போனதும் அன்று முதல்தான்.