மணி அடித்தால் மன்னிப்புக் கேட்ட எருமை

வேதக்கோயிலுக்குப் பின்னால் இருந்த குளத்தில் ஓர் எருமைக்கடாவும் ஒரு நீர்க்கோழியும் குடியிருந்தன. குளத்தைச் சுற்றிக் கோரை ஆள் உயரத்துக்கு வளர்ந்து கிடந்தது. நீர்க்கோழி அதற்குள்தான் கூடு கட்டும்.

அது கெட்ட எருமை இல்லை. கவனம் பத்தாது, அவ்வளவுதான். ஒரு மழைக்காலத்தில் ஈக்கடி தாங்காமல் கண்மண் தெரியாமல் கோரைக்குள் பாய்ந்தது. காலடியில் நீர்க்கோழியின் கூடு. ஒரு முட்டைகூட மிஞ்சவில்லை.

"தெரியாம மிதிச்சிட்டேன் தங்கச்சி. என்னை மன்னிச்சிரு" என்று எருமை அழுதது.

நீர்க்கோழியும் அழுதது. அழுது முடித்துவிட்டு, "ஆண்டவர் என்னை எத்தனையோ தடவை மன்னிச்சிருக்கார். நானும் உன்னை மன்னிச்சிட்டேன். போ அண்ணே" என்றது. மனசாரத்தான் சொன்னது.

கதை அங்கேயே முடிந்திருக்க வேண்டும். எருமை முடிய விட்டால்தானே. அதன் மண்டைக்குள் ஒன்று ஏறவும் நேரமாகும், ஏறியது இறங்கவும் நேரமாகும்.

கோயிலில் தினமும் மணி அடிக்கும். ஞாயிற்றுக்கிழமை சனங்கள் உள்ளே போய் முழங்கால் போட்டு, "நான் பாவி, மன்னியும்" என்று ஜெபிப்பார்கள். ஜன்னலுக்கு வெளியே மேய்கிற எருமை அதைக் கேட்டுக்கொண்டே இருக்கும். 'இவங்க போன வாரமும் இதைத்தானே கேட்டாங்க? அப்போ கிடைக்கலையா? கிடைச்சிருந்தா மறுபடியும் ஏன் கேக்கிறாங்க? அப்படின்னா எனக்கும் இன்னும் கிடைக்கலையோ?'

குழம்பிப்போனது. அதிலிருந்து மணி அடித்தால் போதும், கோரையை விலக்கிக்கொண்டு போய் நீர்க்கோழி முன்னால் தலையைத் தொங்கப் போட்டு நிற்கும்.

இதைப் பார்த்து நீர்க்கோழிக்கும் குழப்பம். 'முகத்தை உர்ருன்னு வச்சுக்கிட்டு மன்னிச்சிட்டேனோ?' என்று நினைத்து, சிரித்த முகமாக ஒரு தடவை சொல்லிப் பார்த்தது.

"மன்னிச்சிட்டேன் அண்ணே."

"நிஜமாவா தங்கச்சி?"

"நிஜமா."

"அப்புறம் ஏன் எனக்கு இன்னும் நெஞ்சு வலிக்குது?"

நீர்க்கோழி தண்ணீருக்குள் முங்கிக்கொண்டது.

அடுத்த மழை வந்தது. கீரி கண்ணில் படக்கூடாது என்று நீர்க்கோழி கோரையின் நட்ட நடுவில் கூடு கட்டி முட்டை இட்டது. மணி அடித்தது. எருமை அங்கேயும் வந்து நின்றது. தினமும் வந்தது. அதன் கால் பட்டுப் பட்டுக் கோரை சாய்ந்து, கரையிலிருந்து கூடு வரைக்கும் ஒரு வழியே விழுந்துவிட்டது.

ஒரு நாள் சாயங்காலம் மணி அடித்ததும் எருமை அந்த வழியில் நடந்தது. பின்னால் ஏதோ சத்தம் கேட்டது. திரும்பினால், கீரி.

"நீ எங்கேடா வர்ற?"

"நீங்க போற இடத்துக்குத்தான். இந்தக் கூட்டை எங்கெங்கேயோ தேடினேன், அகப்படவே இல்லை. நீங்கதான் ரோடு போட்டுக் குடுத்திருக்கீங்களே. நீங்க மன்னிப்புக் கேளுங்க, நான் முட்டையைச் சாப்பிட்டுக்கிறேன்."

எருமைக்குத் தலை சுற்றியது. முன்னால் போனால் கீரியும் வரும். திரும்பிப் போனால் கீரி மட்டும் போகும். என்ன செய்வதென்று தெரியாமல், தெரிந்த ஒன்றையே செய்தது.

"தங்கச்சி, என்னை மன்னிச்சிரு!"

நீர்க்கோழிக்கு அன்றைக்குத்தான் கோபம் வந்தது.

"வாயை மூடு அண்ணே. நீ கேக்கிற ஒவ்வொரு தடவையும் அந்தப் பழைய முட்டை எனக்கு மறுபடியும் உடையுது. அதுக்கு அழுதாச்சு, மன்னிச்சும் ஆச்சு. இந்த முட்டை இன்னும் உடையலை. இதுக்கு என்ன செய்யப் போற?"

"கோயில்ல சனங்க வாராவாரம் கேக்கிறாங்களே?"

"அவங்க அந்தந்த வாரம் செஞ்சதுக்குக் கேக்கிறாங்க. இந்த வாரம் நீ யாரை மிதிச்ச?"

எருமை யோசித்தது. "யாரையும் இல்லையே."

"அப்புறம் என்ன? வழியை மறிச்சுப் படு."

எருமைக்கு முழுசாகப் புரிந்ததா என்றால், இல்லை. ஆனாலும் தொப்பென்று குறுக்கே படுத்தது. கீரி முதுகில் ஏறப் பார்த்தது. கொம்பு திரும்பியது. பக்கத்தில் நுழையப் பார்த்தது. கழுத்து வரைக்கும் சேறு. ஏசிக்கொண்டே போய்விட்டது.

எருமை அங்கேயே கிடந்தது. வாய்க்கு எட்டின கோரையைத் தின்றது. மணி அடிக்கும்போதெல்லாம் கால் பரபரக்கும். எழுந்தால் வழி திறந்துவிடுமே என்று பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருக்கும்.

முட்டைகள் பொரிந்தன. கறுப்புக் கறுப்பாகக் குஞ்சுகள் வெளியே வந்து, எருமையின் முதுகில் ஏறி விளையாடின. அந்த நேரம் பார்த்து மணி அடித்தது.

"தங்கச்சி, அன்னைக்கு நான்..." என்று எருமை ஆரம்பித்தது.

நீர்க்கோழி திரும்பிப் பார்த்தது. "அன்னைக்கு என்ன?"

எருமை காதை ஆட்டியது.

"ஒண்ணுமில்லை. உன் குஞ்சு என் காதைக் கொத்துது, அதைச் சொல்ல வந்தேன்."

ஆண்டவர் கொடுத்தாலும் சரி, அடுத்தவர் கொடுத்தாலும் சரி, மன்னிப்பைக் கேட்கத் தெரிந்தவர் அதை வாங்கிக்கொண்டு அடுத்த வேலையைப் பார்க்கவும் தெரிந்துகொள்ள வேண்டும்.