எருமை வாத்தியாரும் இரண்டு ஓலைகளும்

ஒரு காட்டில் பள்ளிக்கூடம் ஒன்று இருந்தது. பாடம் நடந்ததா என்று மட்டும் கேட்காதீர்கள் பிள்ளைகளே, சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது.

வாத்தியார் ஓர் எருமை. சோம்பேறி இல்லை, களைத்துப்போன எருமை. காட்டில் தேன்கூடு எண்ணுவதற்கும், ராஜா வரும் வழியில் முள் பொறுக்குவதற்கும் அதைத்தான் கூப்பிடுவார்கள். மாணவர் தலைவன் ஒரு குரங்கு. படிப்பு ஏறாது, வாய் மட்டும் நீளம்.

பள்ளிக்கூடத்தில் ஓயாத சண்டை என்று கேள்விப்பட்ட சிங்கராஜா, இரண்டு ஓலைகளில் சட்டம் எழுதி அனுப்பினார். ஒன்றில் வாத்தியாரின் கடமைகள், மற்றதில் மாணவரின் கடமைகள். எருமை மாணவரின் ஓலையை எடுத்துக்கொண்டது. குரங்கு வாத்தியாரின் ஓலையைப் பிடுங்கிக்கொண்டது. இரண்டும் விழுந்து விழுந்து படித்தன.

மறுநாள் குரங்கு தாமதமாக வந்தது.

"விடியும் முன் வர வேண்டும், சட்டத்தில் இருக்கிறது. நீ நேரத்துக்கு வரும்வரை நான் வாய் திறக்க மாட்டேன்," என்றது எருமை.

"மாணவரைக் கொம்பால் முட்டக் கூடாது, அதுவும் சட்டத்தில் இருக்கிறது. நேற்று முட்டினீர்களே? மன்னிப்புக் கேட்கும்வரை நாங்கள் உட்கார மாட்டோம்," என்றது குரங்கு.

இப்படியே ஒன்பது நாள் போனது. மான்குட்டி மட்டும் தினமும் வந்து நின்றது. ஒன்பதாம் நாள் அது கேட்டது:

"ஐயா, அம்மா பால் நிறுத்திவிட்டாள். நாளையிலிருந்து நான் தனியாகத்தான் ஓடைக்குப் போக வேண்டும். சிறுத்தையின் வாடை எப்படி இருக்கும்? அதை மட்டுமாவது சொல்லிக்கொடுங்கள்."

"சொல்கிறேன். முதலில் உன் தலைவன் ஒழுங்காக வரட்டும்," என்றது எருமை.

"நீ கேட்காதே. நம் உரிமை போய்விடும்," என்றது குரங்கு.

மான்குட்டி தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு போனது.

பத்தாம் நாள் சிங்கராஜா அனுப்பிய நரி விசாரணைக்கு வந்தது. "வாத்தியாரே, சட்டப்படி உமது கடமை என்ன?" என்று கேட்டது.

எருமை மாணவரின் கடமைகளை ஒன்று விடாமல் ஒப்பித்தது.

"நான் கேட்டது உமது கடமையை."

எருமை அசைபோட்டது. குரங்கைக் கேட்டால் அதுவும் அப்படியே. வாத்தியாரின் கடமைகள் தலைகீழ்ப் பாடம், தன்னுடையது ஒன்றுகூட வரவில்லை.

நரி கொட்டாவி விட்டது. "ஓலையை மாற்றிப் படியுங்கள்."

எருமை படித்தது: "பாடம் கேட்டு வரும் குட்டியைத் திருப்பி அனுப்பக் கூடாது."

குரங்கு படித்தது: "படிக்க வரும் குட்டியைத் தடுக்கக் கூடாது."

இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. "மான்குட்டி எங்கே?" என்றது எருமை.

"தண்ணீர் குடிக்கப் போயிருக்கிறது," என்றது முயல்.

எல்லோரும் ஓடையை நோக்கி ஓடினார்கள். ஈர மணலில் சின்னக் குளம்புத் தடம் தண்ணீர்வரை போயிருந்தது. திரும்பி வந்த தடம் இல்லை.

மறுநாள் விடியும் முன்பே குரங்கு வந்து உட்கார்ந்தது. எருமை யாரும் கேட்காமலே சிறுத்தை வாடையைப் பற்றிப் பாடம் நடத்தியது. முன் வரிசையில் ஓர் இடம் காலியாக இருந்தது.

நீதி: அடுத்தவர் கடமையை மனப்பாடம் செய்து முடிப்பதற்குள், தன் கடமைக்கு நேரம் கடந்துவிடும்.