யார் மாற்றியது?

கரூர் ஜவுளிக் கம்பெனி ஒன்றில் அன்று காலை இன்டர்நெட் போன்கள் எதுவும் வேலை செய்யவில்லை. மேனேஜர் வைரவநாதன், போன் ஆபரேட்டர் ஜெசிந்தாவை எல்லார் முன்னாலும் நிறுத்தி, “பத்து நிமிஷத்துல சரியாகலேன்னா வீட்டுக்குக் கிளம்பு!” என்று கத்தினார். அவமானத்தில் அவள் தலை நிமிரவே இல்லை.

கம்ப்யூட்டரில் தேடிப் பார்த்தாள். ஒரு போன்கூட சர்வரோடு இணையவில்லை. எல்லா அழைப்புகளையும் வாங்கி அனுப்பும் ப்ராக்ஸி சர்வரின் முகவரியை யாரோ நேற்று தப்பாக மாற்றியிருந்தார்கள். மாற்றியவர் பெயரும் கம்ப்யூட்டர் பதிவிலேயே இருந்தது.

“மாத்தினவர் பேரைத் தனியா சொல்லவா சார், சத்தமா படிக்கவா?”

“சத்தமா படி! அவன் மானம் போகட்டும்!”

“வைரவநாதன்னு இருக்கு, சார்.”

யாரும் சிரிக்கவில்லை. அவள் முகவரியைத் திருத்தியதும் அவர் மேஜை போன்தான் முதலில் அடித்தது. எடுத்தவர், யாரையும் பார்க்காமல் மெதுவாக “ஹலோ” என்றார்.