முதல் பரிசு பெற்ற கூரை

ஒரு காட்டுப் பாதையின் ஓரத்தில் ராஜமாணிக்கம் என்ற கௌதாரியும் அவன் மனைவி பேச்சியும் குடியிருந்தார்கள். புல்தரையில் ஒரு சின்னக் குழி. அதன் மேலே காய்ந்த புல்லால் வேய்ந்த கூரை. அவ்வளவுதான் வீடு. கூரை எது, தரை எது என்று பார்ப்பவருக்குத் தெரியாது. தெரியக் கூடாது என்றுதான் கௌதாரிகள் காலங்காலமாக அப்படி வேய்ந்தன.

அந்தச் சமயம் குழிக்குள் முட்டைகள் இருந்தன. பேச்சி அசையாமல் அடைகாத்தாள். இன்னும் கொஞ்ச நாளில் ஓடு உடையும். கௌதாரிக் குஞ்சு பொரித்த அன்றே ஓடிவிடும். ஆனால் முட்டைக்கு ஏது கால்? அதுவரை கூரைதான் காவல்.

ஒரு நாள் பேச்சியின் தம்பி சுடலை அக்காவைப் பார்க்க வந்தான். வந்தவன் நேராகக் கூரைமேல் ஏறி நின்றுகொண்டு கூப்பிட்டான்.

"மச்சான்! ஓ மச்சான்! உங்க வீடு எங்கே இருக்கு?"

"யோவ், என் தலைமேலதான் நிக்கிறே! இறங்குய்யா!" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

சுடலை விழுந்து விழுந்து சிரித்தான். "அடடா! அரண்மனைன்னா இப்படில்ல இருக்கணும்! மிதிச்சாக்கூட தெரியலையே மச்சான்!"

புத்தியுள்ள கௌதாரி அன்று விருந்து வைத்திருக்கும். அந்தக் கூரையைவிட நல்ல கூரை இல்லை என்பதற்கு மச்சானே சாட்சி சொல்லிவிட்டான் அல்லவா? ராஜமாணிக்கத்துக்கோ அவமானத்தில் சோறு இறங்கவில்லை. சொந்த மச்சானுக்கே தெரியாத வீடும் ஒரு வீடா?

அந்த நேரம் பார்த்துத்தான் வழியோர அழகுச் சங்கம் பிறந்தது. தலைவர், மாண்புமிகு நரியார். போன வருஷம் வரை முட்டைத் திருடன் என்று பெயரெடுத்தவர்தான். ஆனால் ஒரு சங்கத்துக்குத் தலைவராகிவிட்டால், ஆளைத் தேய்த்துக் குளிப்பாட்டியது போல ஆகிவிடுகிறது. பறவைகள் வரிசையில் நின்று வணக்கம் சொல்லின.

"பெருமக்களே!" என்றார் நரியார். "வெளிக்காட்டார் நம் பாதை வழியாகப் போகிறார்கள். என்ன பார்க்கிறார்கள்? வெறும் புல்! இங்கே வீடே இல்லையோ என்று நினைக்கிறார்கள். இது நமக்குக் கேவலம் இல்லையா? எல்லோரும் புதுக் கூரை போடுங்கள். பளிச்சென்று போடுங்கள். தூரத்திலிருந்தே தெரியவேண்டும்! சிறந்த கூரைக்கு முதல் பரிசு!"

பறவைகள் சிறகு வலிக்கத் தட்டின. எதற்காகப் போடவேண்டும், யாருக்குத் தெரியவேண்டும் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. கூட்டத்தில் கேள்வி கேட்பது மரியாதை இல்லையாம்.

ராஜமாணிக்கம் வீட்டுக்கு ஓடினான்.

"ஏ பேச்சி! பழைய புல்லைப் பிரிக்கப் போறேன்!"

"என்னங்க, கிறுக்குப் பிடிச்சிருச்சா? முட்டை இருக்கு. குஞ்சு பொரிச்சு ஓடட்டும். அப்புறம் தங்கத்துலகூட வேயுங்க!"

"அதுக்குள்ள போட்டி முடிஞ்சிரும் புள்ளே! நாலு பேரு திரும்பிப் பார்க்கிற மாதிரி வாழ வேணாமா?"

"திரும்பிப் பார்க்கிற நாலு பேரும் யாருன்னு யோசிச்சீங்களா?"

அவன் யோசிக்கவில்லை. பலாச மரத்தடியிலிருந்து சிவப்பு இதழ்களாகக் கொத்திக் கொண்டுவந்தான். பழைய புல்லைத் தூக்கி எறிந்துவிட்டு இதழ்களை அடுக்கடுக்காக வேய்ந்தான். விளிம்பில் வெள்ளை நத்தை ஓடுகளைப் பதித்தான். உச்சியில் ஒரு மயிலிறகைச் செருகினான். மழை வந்தால் ஒழுகும். ஒழுகினால் என்ன? மழையில் நனையப்போவது உள்ளே இருப்பவர்கள்தானே, பாதையில் போகிறவர்கள் இல்லையே!

காடை வந்தது, புறா வந்தது, "அடேயப்பா!" என்றன. ராஜமாணிக்கம் பாதையின் எதிர்ப்பக்கம் போய் நின்று தன் வீட்டைத் தானே பார்த்துப் பூரித்தான்.

மறுநாள் காலை நரியார் கூரைகளுக்கு மார்க் போட வந்தார்.

"அடடா!" என்று வாயில் ஊறிய எச்சிலை விழுங்கினார். "எத்தனை வருஷமா இந்தப் பாதையில நடக்கிறேன்! இங்கே ஒரு வீடு இருக்கிறதே எனக்குத் தெரியாதே!"

ராஜமாணிக்கத்தின் மார்பு விம்மியது.

பேச்சி குழியிலிருந்து பாய்ந்து வெளியே வந்து ஒரு சிறகைத் தரையில் இழுத்துக்கொண்டு நொண்டினாள். "ஐயோ! என் சிறகு ஒடிஞ்சு போச்சே!" எதிரி வந்தால் தாய்க் கௌதாரி செய்கிற வேலை இது. சுலபமான இரை என்று நம்பி எதிரி பின்னால் வருவான். வெகுதூரம் இழுத்துப்போய்விட்டுச் சட்டென்று பறந்துவிடுவாள்.

நரியார் உட்கார்ந்து ரசித்தார். இடத்தை விட்டு அசையவில்லை.

"நல்லாவே நொண்டுறே தாயி! போன வருஷம் உன் பின்னால ஓடி எனக்கு நாக்குத் தள்ளிருச்சு. வீடு எங்கேன்னு தெரியாததால ஓடினேன். இப்போ எதுக்கு ஓடணும்?"

"தலைவரே," என்று ராஜமாணிக்கம் தடுமாறினான். "நீங்க... மார்க் போடத்தானே வந்தீங்க?"

"போட்டாச்சு தம்பி! முழு மார்க்!"

நரியார் கூரைக்குள் தலையை விட்டார். முட்டை ஓடுகள் நொறுங்கும் சத்தம் கேட்டது. பேச்சி பறந்து பறந்து அவர் முதுகில் கொத்தினாள். பரிசளிக்க வந்தவருக்கு அது ஒரு பொருட்டா? சாவகாசமாகத் தலையை வெளியே எடுத்து, சிவப்பு இதழ் ஒன்றில் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"முதல் பரிசு இந்த வீட்டுக்கே!" என்று அறிவித்து, ராஜமாணிக்கத்தின் கழுத்தில் ஒரு காட்டுக்கொடியை மாலையாகப் போட்டார். பிறகு பாதையை ஏறிட்டுப் பார்த்தார். "அடுத்த வீடு... ஆங், அதோ தெரியுது!"

பேச்சி அழவில்லை. கூரையை இதழ் இதழாகப் பிய்த்து எறிந்தாள்.

"பேச்சி..."

"பேசாதீங்க. பிடுங்குங்க."

அவனும் பிடுங்கினான். அப்போது காடை தன் மனைவியோடு வந்தான்.

"அண்ணே, வாழ்த்துகள்! முதல் பரிசாமே! இந்த இதழையெல்லாம் ஏன் வீசுறீங்க? எங்க கூரைக்குக் குடுங்களேன்!"

"தம்பி, வேணாம்யா! நரி என் முட்டையெல்லாம் தின்னுட்டான். நீ பழைய புல்லையே போட்டுக்க. உன் காலைப் பிடிச்சுக் கேக்கிறேன்!"

காடை மனைவியின் காதோரம் குனிந்தான். "பார்த்தியா? அடுத்த பரிசு நமக்குக் கிடைச்சிருமோன்னு மனுஷனுக்கு வயித்தெரிச்சல்!"

இருவரும் ஓர் இதழைக்கூட விடாமல் பொறுக்கிக்கொண்டு, முட்டையிட்டிருந்த தங்கள் வீட்டுக்கு நடந்தார்கள்.

வழியில் போகிறவன் மெச்ச வேண்டும் என்று கூரையை மாற்றுகிறவன், அந்தக் கூரைக்குக் கீழே இருப்பவர்களையே அவனுக்குப் படையலாக வைக்கிறான்.